ஓடிபியைக் காத்த மாமன்மார்

அநியாயம் நடந்தது இளவேனிலுக்கு. அவளுக்கு வந்த ஓடிபியை அவளிடமே சொல்லாமல் மறைத்துவிட்டார்கள். மறைத்தவர்கள் பங்காளிகளோ பகையாளிகளோ இல்லை. அப்பா அம்மா இல்லாத அவளைத் தூக்கி வளர்த்த தாய்மாமன்கள். பெரியவர் தண்டபாணி, நடுவிலவர் கோதண்டம், கடைக்குட்டி சுந்தரவேலு. மூன்று பேரும் தங்கமானவர்கள். கெட்டவர்களாக இருந்திருந்தால் சண்டை போட்டாவது ஜெயித்திருக்கலாம்.

ஒட்டாங்குளத்தில் முதன்முதலாக ஒரு பெண்ணுக்கு டாக்டர் படிப்புக்கு இடம் கிடைத்தது. அதுவும் இரண்டு இடம். ஏரிக்கரைப் பல்கலைக்கழகமும் வா என்றது, மலையடிவாரப் பல்கலைக்கழகமும் வா என்றது. வியாழக்கிழமை சாயங்காலம் ஐந்து மணிக்குள் ஏதாவது ஒன்றுக்குச் சம்மதம் சொல்ல வேண்டும். இல்லாவிட்டால் இரண்டும் போய்விடும்.

"நோயாளிங்க நிறைய இருக்கிற ஆஸ்பத்திரியா பார்த்துச் சேருங்க. அவங்களைப் பார்த்துத்தான் படிப்பு வரும்" என்றார் ஊர் கம்பவுண்டர். யோசனை நல்லதுதான். அதைக் கேட்டுக்கொண்ட ஆட்கள்தான் சரியில்லை.

மாமன்கள் மூவரும் ஏரிக்கரை ஆஸ்பத்திரி வாசலில் போய் நின்றார்கள். ஆட்கள் மாத்திரைப் பையோடு சிரித்துக்கொண்டே வெளியே வந்தபடி இருந்தார்கள்.

"எங்கண்ணே எல்லாரும் போறாங்க?" என்றார் சுந்தரவேலு.

"குணமாகிப் போறாங்கடா." தண்டபாணிக்கு முகம் இருண்டுவிட்டது.

"இப்படி வர்றவனையெல்லாம் குணமாக்கி அனுப்பினா, நம்ம புள்ள படிச்சு முடிக்கிறதுக்குள்ள ஒருத்தனும் மிஞ்ச மாட்டானே" என்றார் கோதண்டம்.

அங்கிருந்து மலையடிவாரம் போனார்கள். போன தீபாவளிக்குக் கால் ஒடிந்து வந்த ஒரு பெரியவர் இன்னும் அதே கட்டிலில் படுத்திருந்தார். டாக்டர் முகத்தைப் பார்த்தே மாசக்கணக்காச்சு என்றார். மாமன்களுக்குப் பரம திருப்தி. "வந்த ஆளை விடாம வச்சிருக்காங்க பாரு. இதுதான்டா காலேஜு."

இளவேனில் தலையில் அடித்துக்கொண்டாள். "குணமாக்கற இடத்துலதானே மாமா குணமாக்கக் கத்துக்க முடியும்? எனக்கு ஏரிக்கரைதான்."

அவள் பேச்சை அவர்கள் தட்டவில்லை. அதையும் சொல்லித்தான் ஆக வேண்டும். ஆனால் நோயாளிகள் தீர்ந்துபோவார்களே என்ற கவலை மட்டும் தீரவில்லை. மறுநாளே ஏரிக்கரைக்குப் போய், வெளியே வந்தவர்கள் கையைப் பிடித்து, "எங்க புள்ள படிச்சு முடிக்கிற வரைக்கும் உள்ளயே இருங்கய்யா, சாப்பாடு நாங்க கொண்டாறோம்" என்று கெஞ்சினார்கள். வாட்ச்மேன் விரட்டினார். கடைசியில் குடும்பத்தின் பங்காகச் சுந்தரவேலுவே உள்ளே நுழைந்து ஒரு கட்டிலில் படுத்துக்கொண்டார். டாக்டர் நாடி பிடித்துப் பார்த்து, உடம்புக்கு ஒன்றுமில்லை, எழுந்து போங்கள் என்றார்.

சுந்தரவேலு வீட்டுக்கு வந்து விம்மினார். "மருந்துகூடக் குடுக்கலண்ணே. தொட்ட உடனே என்னையே குணமாக்கிட்டாங்க."

வியாழக்கிழமை விடிந்ததிலிருந்து அவள் மாமன்களைக் கம்ப்யூட்டர் சென்டருக்குக் கூப்பிட்டுக்கொண்டே இருந்தாள்.

"அஞ்சு மணின்னு சொன்னவங்க வாசல்ல காலையிலேயே போய் நின்னா மரியாதையா இருக்குமா தாயி?" என்றார் தண்டபாணி. தம்பிகளோடு நாலே முக்காலுக்குத்தான் கிளம்பினார்.

சென்டரில் இளவேனில் 'ஏரிக்கரை' என்று அழுத்தினாள். பாதுகாவலர் என்ற முறையில் தண்டபாணியின் போன் நம்பரைத்தான் கொடுத்திருந்தார்கள். ஓடிபி அதில் வந்து விழுந்தது. அவர் எழுத்துக் கூட்டிப் படித்தார். போனை மடியில் செருகி, பெல்ட்டை ஒரு துளை இறுக்கிக்கொண்டார்.

"யாரிடமும் சொல்லாதீர்கள்னு போட்டிருக்கு தாயி."

"எனக்காக வந்தது மாமா அது."

"யாரிடமும்னா அதுல நீயும்தானே வர்றே? உன்னைத் தவிரன்னு ஒரு வார்த்தை போட்டிருந்தா நான் மாட்டேன்னா சொல்லப்போறேன்?"

பிடுங்கலாம் என்றால் இரண்டு பக்கமும் தம்பிகள் மதில் மாதிரி நின்றார்கள்.

"சரி, சொல்ல வேண்டாம். நீங்களே அதுல அழுத்துங்க."

"அப்ப கம்ப்யூட்டர்கிட்ட சொன்னதா ஆயிடாதா?"

"அனுப்பினதே அவங்கதான் மாமா. அவங்களுக்கே திருப்பிக் குடுக்கறதுல என்ன ரகசியம்?"

கோதண்டம் குறுக்கே வந்தார். "அவங்க நம்பர் அவங்களுக்குத் தெரியாதா? தெரிஞ்சா ஏன் நம்மகிட்ட கேக்கறாங்க? இப்ப அனுப்பினதை இப்பவே மறக்கறவங்க, நோயாளிக்கு என்ன மருந்து குடுத்தோம்னு ஞாபகம் வச்சிருப்பாங்களா?"

"ஒண்ணா, ரெண்டா, மூணான்னு நான் கேக்கறேன். தலையை மட்டும் ஆட்டுங்க."

தண்டபாணி வாயோடு கண்ணையும் சேர்த்து மூடிக்கொண்டார். சுந்தரவேலு மட்டும் நல்ல மனசோடு எல்லா எண்ணுக்கும் தலையாட்டினார். அவர் அந்த எண்ணைப் பார்க்கவே இல்லை.

சென்டர்காரர் சுவர்க் கடிகாரத்தைக் காட்டினார். ஐந்து அடிக்க இரண்டே நிமிஷம். இளவேனில் மூச்சை இழுத்துவிட்டாள். நியாயமாகப் பார்த்தால் உலகத்தில் எந்த மாமனும் தாண்ட முடியாத கேள்வியைத்தான் கேட்டாள்.

"மாமா, போன வருஷம் உங்களுக்கு மூல வியாதி வந்தப்ப வீட்டுல யார்கிட்டயும் சொல்லல. டாக்டர்கிட்ட மட்டும் சொன்னீங்க. ஏன்?"

"டாக்டர்கிட்ட எதையும் மறைக்கக் கூடாது தாயி."

"நானும் டாக்டர் ஆகத்தானே கேக்கறேன். எங்கிட்ட மட்டும் மறைக்கலாமா?"

மாமன்கள் திடுக்கிட்டுப் போனார்கள். மூலைக்கு ஒதுங்கி மூன்று தலையையும் சேர்த்து வைத்து ஆலோசித்தார்கள். திரும்பி வந்தபோது மூன்று முகமும் மலர்ந்திருந்தது. தண்டபாணி அவள் தலையில் கைவைத்தார்.

"நீ சொல்றதுதான் நியாயம் தாயி. முதல்ல போய் அந்தப் படிப்பைப் படிச்சு டாக்டராகிட்டு வா. வந்த அன்னைக்கே நம்பரைச் சொல்லிடறேன்."