தாசில்தார் வீட்டுக் கார்ட்ரிட்ஜ்

ஊருக்கு ஒரு தாசில்தார் இருந்தால் சமாளித்துவிடலாம். ஓய்வுபெற்று வீட்டோடு உட்கார்ந்துவிட்டால்தான் தொல்லை. விழுப்புரத்து மாசிலாமணி அப்படித்தான். பிரிண்டரில் மை தீர்ந்ததும், "கார்ட்ரிட்ஜ் நம்பர் எனக்கு மனப்பாடம்" என்று மார்தட்டிக்கொண்டு கடைக்குப் போனார். மூன்று முறை போய் மூன்று கார்ட்ரிட்ஜ் வாங்கினார். ஒன்றாவது உள்ளே பொருந்தவேண்டுமே!

அந்த நேரம் பார்த்து, வீட்டு வேலை செய்யும் அஞ்சுகம் லீவு கேட்டாள். மறுநாள் அவள் மகளுக்கு வளைகாப்பு.

"லீவா? மத்தியானத்துக்குள்ள சரியான கார்ட்ரிட்ஜ் வாங்கிட்டு வா, தர்றேன். இங்கிலீஷ் எழுத்தே தெரியாத உன்னால முடியுமா?"

"பார்க்கிறேங்க ஐயா" என்று போனவள் அரை மணியில் திரும்பினாள். அவள் கொண்டுவந்தது டக்கென்று உட்கார்ந்தது. பிரிண்டர் கடகடவென்று தாளைத் தள்ளியது.

மாசிலாமணிக்கு முகம் சுருங்கிப்போனது. "நம்பர் யார் சொன்னது உனக்கு?"

"யாரும் சொல்லலைங்க. நீங்க குப்பையில போட்ட பழசைக் கடைக்காரர்கிட்ட நீட்டி, இதே மாதிரி கொடுங்கன்னேன். டெய்லர்கிட்ட அளவு ரவிக்கை கொடுக்கிறதில்லீங்களா? உடம்பு அளவை யாராச்சும் மனப்பாடமா சொல்வாங்களா?"

"இவர் சொல்வார் அஞ்சுகம்!" என்று அடுக்களையிலிருந்து அவர் மனைவி தமயந்தி குரல் கொடுத்தாள். "நல்லவேளை, என் துணியை இவர் தைக்கக் கொடுத்ததில்லை. மூணு ரவிக்கை பாழாயிருக்கும்!"

மாசிலாமணி தொண்டையைச் செருமினார். "லீவு ரெண்டு நாளே எடுத்துக்கோ. ஆனா வளைகாப்புல இந்தக் கதையைச் சொல்லாதே."

அஞ்சுகம் தலையாட்டினாள். மறுநாள் ஐந்து வகைச் சாதத்தோடு ஆறாவதாக அதைத்தான் பரிமாறினாள்.