சருகுமானின் நடுங்கும் கால்கள்

காட்டின் நடுவே நெல்லிமடு என்று ஒரு குளம் இருந்தது. கோடை வந்தால் அந்தக் காட்டில் தண்ணீர் உள்ள ஒரே இடம் அதுதான்.

அங்கே தண்ணீர் குடிக்க ஒரு வரிசை உண்டு. கொம்புள்ளவர்கள் முதலில், கொம்பில்லாதவர்கள் பிறகு. கிளை கிளையாகக் கொம்பு விரித்த மிளா மான்களும், வளைந்த கொம்புள்ள காட்டெருமைகளும் முதலில் இறங்கும். குடித்துவிட்டு உடனே கரையேறுமா? குளிக்கும், புரளும், சேற்றைக் கலக்கும். கொம்பில்லாதவர்களின் முறை வரும்போது குளத்தில் இருப்பது தண்ணீரா குழம்பா என்று நக்கிப் பார்த்தால்தான் தெரியும்!

அந்தக் காட்டில் செவந்தி என்றொரு சருகுமான் இருந்தாள். உருவத்தில் முயலைவிடக் கொஞ்சம் பெரியவள், அவ்வளவுதான். கொம்பு கிடையாது. பயம் மட்டும் யானை அளவு. நிழலைக் கண்டால் பயம். நிழல் இல்லாவிட்டால் அதைவிடப் பயம். தன் தும்மல் சத்தத்துக்கே இரண்டு முறை ஓடி ஒளிந்திருக்கிறாள். பயம் வந்துவிட்டால் அவளுடைய நான்கு கால்களும் தாமாகவே நடுங்கத் தொடங்கும். சருகின் மேல் நின்றிருந்தாலோ, 'தடதடதட' என்று மத்தளம்தான்!

அவளுக்கு ஒரே குட்டி. பெயர் பொட்டு. சேற்றுத் தண்ணீரைக் குடித்துக் குடித்து அதன் வயிறு பலாப்பிஞ்சு மாதிரி உப்பிக்கிடந்தது.

வைத்தியம் பார்க்கும் உடும்பு வந்தது. நாக்கை நீட்டிக் குட்டியின் வயிற்றைத் தொட்டுப் பார்த்தது.

"இலையும் வேண்டாம், வேரும் வேண்டாம். தெளிந்த தண்ணீர் கொடும்மா. இன்னும் பத்து நாள் சேற்றைக் குடித்தால் குட்டி தாங்காது!"

மறுநாள் விடிந்ததும் செவந்தி பொட்டுவைக் கூட்டிக்கொண்டு குளத்துக்கு ஓடினாள்.

"ஏய்! வரிசையில வா!" என்றது ஒரு காட்டெருமை. "உனக்கென்ன, தலையில கொம்பா முளைச்சிருக்கு?"

"எனக்கு இல்லீங்க, குட்டிக்குத்தான்..."

"அப்போ குட்டிக்கு முளைச்சிருக்கா? காட்டு பார்ப்போம்!"

எருமைகள் எல்லாம் சிரித்தன. செவந்தி நடுநடுங்கித் திரும்பினாள்.

இனி ஒரே ஒரு வழிதான் இருந்தது. கோடைக் கூட்டம்!

கோடைக் கூட்டம் ஆண்டுக்கு ஒருமுறை நடக்கும். காட்டுத் தலைவர் கிளைக்கொம்பர் என்ற பெரிய மிளா. அவர் பாறைமேல் ஏறி, "எல்லோரும் கண்ணை மூடுங்கள்! தலையைக் குனியுங்கள்! அமைதி, அமைதி!" என்பார். பிறகு, "பழைய வரிசையே போதும் என்பவர்கள் சும்மா இருங்கள். மாற்ற வேண்டும் என்பவர்கள் காலைத் தட்டுங்கள்!" என்பார். பத்து எண்ணுவார். ஒரு சத்தமும் வராது. "ஏகமனதாக!" என்று முழங்குவார். கூட்டம் முடிந்தது.

கண்ணைத் திறந்து பார்ப்பது பெரிய குற்றம். ஒருமுறை அணில், "அய்யா, கீரி கண்ணைத் திறந்தது!" என்று கத்தியது. "உனக்கெப்படித் தெரியும்?" என்றார் தலைவர். அதன்பிறகு அணில் வாயையும் சேர்த்தே மூடிக்கொண்டது.

செவந்தியோ, ஆண்டுதோறும் கூட்டத்தில் ஈரப்பாசி படர்ந்த கல்லாகப் பார்த்து ஏறி நின்றுகொள்வாள். கால் நடுங்கினாலும் சத்தம் கேட்காதே!

கூட்டத்துக்கு இன்னும் ஐந்து நாள் இருந்தது. செவந்தி வளை வளையாகப் போனாள்.

முதலில் முள்ளம்பன்றியின் வளை.

"அக்கா, நான் பெரிதாக ஒன்றும் கேட்கவில்லை. குட்டிகள் மட்டும் முதலில் குடிக்கட்டும் என்கிறேன். பிறகு உங்கள் இஷ்டம், எந்த வரிசையில் வேண்டுமானாலும் குடிக்கட்டும்!"

முள்ளம்பன்றி இந்தப் பக்கம் பார்த்தது, அந்தப் பக்கம் பார்த்தது. குரலைத் தாழ்த்தியது.

"அடியே, நான் எத்தனை வருஷமா இதையே நினைச்சுக்கிட்டிருக்கேன்! ஆனா பக்கத்துல எறும்புத்தின்னி இருக்கு பாரு, அது பழைய பஞ்சாங்கம். அதுக்குத் தெரிஞ்சா என் மானம் போயிடும்!"

அடுத்து எறும்புத்தின்னி. செவந்தி 'தண்ணீர்' என்றதுமே அது பந்தாகச் சுருண்டுகொண்டது. பிறகு பந்துக்குள்ளிருந்து ஒரு குரல் வந்தது.

"நானும் உன் பக்கம்தான் தாயி. முள்ளம்பன்றி காதுல மட்டும் போட்டுடாதே! அது பயங்கரக் கட்டுப்பெட்டி!"

செவந்திக்குச் சிரிப்புப் பொத்துக்கொண்டு வந்தது. வெளியே வந்து ஒரு புதருக்குள் தலையை விட்டுச் சிரித்துத் தீர்த்தாள்.

கீரி, ஆமை, காட்டுக்கோழி, மரநாய் என்று எங்கே போனாலும் இதே கதை! எல்லோரும் அவள் பக்கம்தான். எல்லோருக்கும் அடுத்த வளையை நினைத்தால்தான் பயம்!

"அப்படியானால் காலைத் தட்டுவீர்களா?"

"தட்டாம? யாராவது முதல்ல தட்டட்டும், அடுத்த நொடியே ரெண்டாவது ஆள் நான்தான்!"

நான்கு நாளில் இருபத்தேழு 'ரெண்டாவது ஆள்' கிடைத்துவிட்டார்கள். முதல் ஆளைத்தான் காணோம்!

கடைசியில் மந்திக் குரங்கு மார்தட்டியது.

"முதல் ஆள் இங்கே இருக்கேன்! நான் தட்டுற தட்டுல பாறையே ரெண்டாப் பிளக்கும், பார்த்துக்கிட்டே இரு!"

செவந்தி ஆனந்தத்தில் அங்கேயே நான்கு குதி குதித்தாள்.

ஒரே ஓர் இடத்துக்கு மட்டும் அவள் போகவில்லை. அது கிளைக்கொம்பரின் இருப்பிடம். அவர் மனைவி மருதாயியிடம் பேசலாமா என்று ஒரு கணம் நினைத்தாள். நினைத்த மாத்திரத்தில் கால்கள் மத்தளம் வாசித்தன. 'தலைவர் வீட்டிலேயா! நல்ல ஆளைப் பார்த்தேன்!' என்று திரும்பி ஓடிவிட்டாள்.

கூட்ட நாள் வந்தது. காடே மடுக்கரையில் கூடியது. செவந்தி வழக்கம்போலப் பாசிக்கல்லில் ஏறிக்கொண்டாள். பொட்டு அவள் வயிற்றோடு ஒட்டி நின்றது. அதற்கு நிற்கவே தெம்பில்லை.

"கண்ணை மூடுங்கள்! தலையைக் குனியுங்கள்! அமைதி, அமைதி!" என்றார் கிளைக்கொம்பர். "மாற்ற வேண்டும் என்பவர்கள் காலைத் தட்டுங்கள்! ஒன்று... இரண்டு..."

மந்தி தட்டவில்லை.

"மூன்று... நான்கு..."

செவந்தி பல்லைக் கடித்துக்கொண்டு ஒரு கண்ணை லேசாகத் திறந்தாள். மந்தி தலைவரின் பாறைக்கும் அவளுடைய கல்லுக்கும் நடுவில் நின்றிருந்தது. கழுத்தில் ஒரு பூமாலை!

"என்னக்கா இது?" என்று கிசுகிசுத்தாள்.

"இன்னைக்குக் காலையிலதான் என்னை வரிசைக் கண்காணிப்பாளர் ஆக்கினாங்க," என்றது மந்தி, கண்ணைத் திறக்காமலே. "பதவியில இருந்துக்கிட்டுக் காலைத் தட்டினா நல்லாவா இருக்கும்?"

"ஐந்து... ஆறு..."

இருபத்தேழு பேரும் காதைத் தீட்டிக்கொண்டு முதல் தட்டுக்காகக் காத்திருந்தார்கள். முதல் தட்டு வரவே இல்லை.

செவந்தி காலைத் தூக்கிப் பார்த்தாள். அது நடுங்கியதே தவிர எழவில்லை. தட்டும் தைரியம் அவளுக்கு எங்கிருந்து வரும்? அவளால் முடிந்ததெல்லாம் நடுங்குவதுதான். பாசிமேல் அது யாருக்குக் கேட்கும்?

"ஏழு..."

பொட்டு தள்ளாடி அவள் காலில் சாய்ந்தது. கல்லுக்குப் பக்கத்தில் தேக்குச் சருகுகள் காய்ந்து குவிந்து கிடந்தன.

"எட்டு..."

செவந்தி பாசிக்கல்லை விட்டு இறங்கினாள். சருகின் மேல் நின்றாள்.

'தடதடதடதடதட!'

கிளைக்கொம்பர் எண்ணுவதை நிறுத்தினார். "யார் அது?"

"நா... நான்தான் அய்யா! இல்லை, என் கால்!"

"காலை நிறுத்து!"

"நிற்க மாட்டேன் என்கிறதே அய்யா!"

"இது வெளிக்காட்டு யோசனை! எவனோ வெளிக்காட்டுக்காரன் வந்து தூண்டிவிட்டிருக்கிறான்!" என்று தலைவர் கர்ஜித்தார்.

அப்போது 'டொக்' என்று ஒரு தட்டு கேட்டது. அவருக்குப் பக்கத்திலேயே! திரும்பிப் பார்த்தார். அவர் மனைவி மருதாயி!

"நீயுமா!"

"நான் வெளிக்காடா?" என்றாள் மருதாயி. "உங்களுக்கு வாழ்க்கைப்பட்டுப் பதினோரு கோடை ஆச்சு. என் தலையை என்னைக்காவது நிமிர்ந்து பார்த்தீங்களா? மிளாவுல பொம்பளைக்கு ஏது கொம்பு? நீங்க குளிச்சு மிச்சம் வெச்ச சேத்தைத்தானே நானும் குடிக்கிறேன்! உங்க பிள்ளையும் அதைத்தானே குடிக்குது!"

"ஐயோ!" என்று அலறியது முள்ளம்பன்றி. "ரெண்டாவது ஆள் நான்னு சொல்லியிருந்தேனே!" டொக், டொக்!

"நான்தான் ரெண்டாவது!" என்று எறும்புத்தின்னி பந்திலிருந்து விரிந்து குதித்தது. டம்!

முள்ளம்பன்றியும் எறும்புத்தின்னியும் கண்ணைத் திறந்து ஒன்றையொன்று பார்த்தன.

"நீயா?"

"நீயா?"

பிறகு கேட்க வேண்டுமா! கீரி தட்டியது. மரநாய் தட்டியது. காட்டுக்கோழி தட்டிய வேகத்தில் மூன்று இறகு உதிர்ந்தது. ஆமை காலைத் தூக்கி இறக்குவதற்குள் பாதிக் கூட்டம் முடிந்துவிட்டது. ஆனாலும் தட்டியது! கொம்பில்லாத மிளாப் பெண்கள் வரிசையாகத் தட்டினார்கள். காடே கொட்டு மேளமாக அதிர்ந்தது. மந்தியும் மாலையைக் கழற்றித் தூர எறிந்துவிட்டு, "நான் அப்பவே சொன்னேன்ல!" என்று குதித்தது.

அந்தக் காட்டில் கூட்டம் என்று ஒன்று நடக்கத் தொடங்கிய நாளிலிருந்து, எல்லோரும் ஒன்றாகக் கண்ணைத் திறந்தது அன்றைக்குத்தான். கொம்புகள் எத்தனை, கொம்பில்லாத தலைகள் எத்தனை என்று கிளைக்கொம்பரும் பார்த்தார். தொண்டையைக் கனைத்தார்.

"சரி, சரி. குட்டிகள் முதலில். இந்தக் கோடைக்கு மட்டும்!"

மறுநாள் காலை நெல்லிமடு கண்ணாடியாகக் கிடந்தது. காட்டெருமைகள் கரையில் முணுமுணுத்துக்கொண்டு நின்றன. குட்டிகள் இறங்கின. பொட்டு தெளிந்த தண்ணீரில் தன் முகத்தைப் பார்த்துத் திடுக்கிட்டது. பிறகு மூக்கை முக்கிக் குடித்தது, குடித்தது, குடித்துக்கொண்டே இருந்தது. ஒரு வாரத்தில் வயிறு வடிந்துவிட்டது.

அடுத்த கோடையில் பக்கத்துக் காட்டு மிளா ஒன்று விருந்துக்கு வந்தது.

"இதென்ன, குட்டிகள் முதலில் குடிக்கின்றன?" என்று கேட்டது.

"அதுவா?" என்றார் கிளைக்கொம்பர், கொம்பை நிமிர்த்திக்கொண்டு. "எங்கள் முன்னோர் காலத்திலிருந்தே இங்கே இதுதான் வழக்கம்!"

மருதாயி செவந்தியைப் பார்த்தாள். செவந்தி மருதாயியைப் பார்த்தாள். சிரிப்பை அடக்க முடியாமல் செவந்தியின் கால்கள் நடுங்கின. அவள் நின்றிருந்ததோ சருகின் மேல்தான்!

பயம் தீரட்டும், பிறகு பேசலாம் என்று காத்திருப்பவர் காத்துக்கொண்டே இருப்பார். நடுங்கும் காலோடு ஓரடி எடுத்து வைப்பவருக்கோ, அவர் தட்டாமல் விட்ட வீட்டிலிருந்தும் துணை வந்து சேரும்.