கோமதிநாயகம் கேட்ட சுவர்

தென்காசிப் பக்கம் ஒரு பஸ் டிப்போ. அங்கே கோமதிநாயகம் என்று ஒரு கண்டக்டர். வாயைத் திறந்தால் காற்றிலேயே பந்தல் போட்டு ஊருக்கே பந்தி பரிமாறிவிடுவார். ஆறு மாசமாக மனுஷனுக்குப் படம் வரையும் பித்து பிடித்திருந்தது. ஓய்வு நாளெல்லாம் காலண்டர் அட்டையும் கையுமாகத்தான் இருப்பார். வரைந்ததை மட்டும் ஒருத்தருக்கும் காட்டமாட்டார். நேரே பீரோவுக்குப் பின்னால் போய்விடும்.

அன்றைக்கு மத்தியானம் கேன்டீன்காரி பேச்சித்தாய் அக்கா, "புதுசா பூசுன செவுரு மொட்டையா நிக்கி. படம் வரைய நாளைக்கு டவுன்லருந்து ஆளு வருது" என்றாள். கோமதிநாயகம் சுவரை மேலும் கீழும் பார்த்தார். அவ்வளவு பெரிய சுவர்! 'நானும் கொஞ்சம் வரைவேங்க்கா' என்று சொல்லத்தான் வாயைத் திறந்தார். வந்தது வேறு.

"டவுன் ஆளு எதுக்குக்கா? என் மழைப் படத்த நீங்க பாக்கலியே!"

அவர் வண்டி டிரைவர் மிக்கேல் பிசைந்த சோற்றை அப்படியே வைத்தார். "ஆரம்பிச்சாச்சா வே?"

"கேளும்வே. வாட்டர் கலர்ல குத்தாலத்துச் சாரல வரைஞ்சேன். காயப் போட்டா காயவே மாட்டேங்கு. கொடியில தொங்கவிட்டேன். மூணு நாளு சொட்டிச் சொட்டி, கீழ வச்ச அண்டா ரொம்பிட்டு. அந்தத் தண்ணியிலதான் எங்க வீட்டுல ரசம்."

"ரசம் என்ன கலரு?"

"நீலம். ருசியில கொற சொல்ல முடியாது."

கேன்டீன் முழுக்கச் சிரிப்பு. அது போதாதா? கோமதிநாயகம் பெஞ்சில் சம்மணம் போட்டுக்கொண்டார்.

"ஈரம் சரிப்படாதுன்னு ஆயில் பெயிண்டுக்கு மாறினேன். சித்திரை மாச உச்சி வெயில வரைஞ்சேன். வீட்டுக்காரி அது முன்னால பாய விரிச்சு வத்தல் காயப் போட்டா. அரை மணியில மொறுமொறுன்னு ஆயிட்டு. எதுத்த வீட்டுக்காரரு எங்க வீட்டுக்குள்ள குடை பிடிச்சிட்டுல்ல வந்தாரு!"

"மனுச மொகம் வருமா?" என்றாள் பேச்சித்தாய் அக்கா.

"என் மச்சினன வரைஞ்சேன். வாரம் ஒருக்க சவரம் பண்ண வேண்டியிருக்கு."

"மச்சினனுக்கா?"

"படத்துக்குக்கா. அவனுக்கு இப்ப தாடியே மொளைக்கல. எல்லாம் படத்துக்குப் போயிட்டு."

மிக்கேலுக்குப் புரையேறியது. தண்ணீர் குடித்து நிமிர்வதற்குள் அடுத்தது வந்துவிட்டது.

"சோகமா ஒண்ணு வரைவோமேன்னு வத்துன கொளத்துல ஒத்தக் கொக்க வரைஞ்சேன். பாத்தவன்லாம் அழுதான், சரி. ஒரு நாளு அந்தக் கொக்காலயே தாங்க முடியல. பறந்து போயிட்டு. இப்ப கொளம் மட்டுந்தான் இருக்கு."

"கொளமும் வத்தியாச்சு. அப்ப வெறும் அட்டைன்னு சொல்லும்!"

"அதையும் கேளும்வே. போன மாசம் ஒரு ரோடு வரைஞ்சேன். இங்க அகலம், போகப் போக ஒடுக்கம். பக்கத்து வீட்டு ஆடு நெசம்னு நெனச்சு உள்ள போயிட்டு. நானும் பின்னாலயே ஓடினேன். எட்டு மைல்! வழியில ரெண்டு பேரு கை காட்டி நிக்காவ. பஸ்ஸே இல்லாத ரோட்டுல நான் என்ன செய்ய?"

"ஆடு கெடச்சுதா இல்லியா?"

"எங்க? இன்னும் போய்க்கிட்டுத்தான் இருக்கு. படத்துல பொட்டு மாதிரி தெரியும். நேத்தைக்கு இருந்ததவிட இன்னைக்கு பொட்டு சிறுத்துட்டு."

எல்லோரும் சிரித்தார்கள், பேச்சித்தாய் அக்காவைத் தவிர. அவள் அடுப்படியிலிருந்து ஒரு கரித்துண்டை எடுத்து வந்து நீட்டினாள்.

"வாயால வரைஞ்சது போதும். செவுத்துல ஒரு டீ கிளாஸ் வரையும். நல்லா வந்தா செவுரு ஒமக்கு. வரலியா, சுண்ணாம்பு வாளி ஒமக்கு."

கோமதிநாயகம் கரியை வாங்கிக்கொண்டார். உள்ளது அவருக்குத்தானே தெரியும். மழையை வரைந்தால் மூங்கில் தட்டி மாதிரி இருக்கும். தன்னை வரைந்த படத்தைத் தற்செயலாகப் பார்த்துவிட்ட மச்சினன் பேச்சையே நிறுத்திவிட்டான். ஆனால் இப்போது பின்வாங்கினால் டிப்போவில் தலை காட்ட முடியாது.

யாரோ பாதி குடித்து வைத்த டீ கிளாஸைச் சன்னலோரம் வைத்தார். பார்த்தார். ரொம்ப நேரம் பார்த்தார். பிறகு கரி சுவரில் உரசும் சத்தம் மட்டும்தான் கேட்டது. கோமதிநாயகம் இருக்கிற இடத்தில் அப்படி ஒரு அமைதியை டிப்போ கண்டதே இல்லை. கடைசியில் கிளாஸுக்கு மேலே விரலால் லேசாகத் தேய்த்து ஆவியை எழுப்பிவிட்டு விலகி நின்றார்.

விளிம்பு கொஞ்சம் கோணல்தான். ஆனால் டீ அரை கிளாஸ் இருந்தது. நுரை இருந்தது. ஒரு பக்கம் சன்னல் வெளிச்சம் பட்டு மின்னியது.

"கிளாஸ்தான்வே," என்றார் மிக்கேல், குரல் இறங்கிப்போய்.

கோமதிநாயகத்தாலேயே நம்ப முடியவில்லை.

பேச்சித்தாய் அக்கா கிட்டப் போய்ப் பார்த்தாள். "இம்புட்டு கைய வச்சிக்கிட்டு எதுக்குவே அம்புட்டு வாய்? செவுரு ஒமக்குத்தான்."

அதோடு கோமதிநாயகம் சும்மா இருந்திருக்கலாம். மிக்கேல் அந்த ஆவியைத் தடவிப் பார்க்க விரலை நீட்டினார்.

"தொடாதேயும்வே, சுடும்!"

மிக்கேல் விரலை வெடுக்கென்று இழுத்து ஊதிக்கொண்டார்.