கை வைக்கக்கூடாத நாற்பது வரிகள்

குரு செண்பகவல்லிக்கு முப்பத்தொரு வயது. சீடர் சேவியருக்கு ஐம்பத்துமூன்று. தூத்துக்குடியில், படகுகளுக்குப் புயல் எச்சரிக்கை தரும் பெட்டி செய்கிற கம்பெனியில் இருவருக்கும் வேலை. ரேடியோ மெக்கானிக்காக இருந்தவருக்கு அவள்தான் புரோகிராம் எழுதக் கற்றுக்கொடுத்தாள். அதனால் இன்றும் அவருக்கு அவள் டீச்சர்.

அன்று மதியம் சேவியர் வேர்த்து விறுவிறுக்க வந்தார்.

"டீச்சர், புது கம்பைலருக்கு மாறுனதுலேர்ந்து மூணு நாளா பில்டு ஓடல. தம்பி படகு விடியக்காலம் கடலுக்குப் போகுது. அவன்கிட்ட இருக்கிற பழைய பெட்டி வாயே திறக்க மாட்டேங்குது. சாயங்காலத்துக்குள்ள புதுசு கொடுத்தாகணும்."

கம்பைலர் என்பது நாம் எழுதுவதைப் பெட்டிக்குப் புரியும்படி மாற்றிக்கொடுக்கிற புரோகிராம்; அப்படி மாற்றி எடுப்பதுதான் பில்டு.

"எது தடுக்குது?"

"பழைய கம்பைலருக்குப் பெரிய எண்ணை வகுக்கத் தெரியாதுன்னு நாற்பது வரி சேர்த்திருக்கோமே, அதுதான். புதுசுக்கு வகுக்கத் தெரியும். இப்ப ஒரே வேலைக்கு ரெண்டு ஆளு. எதை எடுக்கிறதுன்னு தெரியாம நின்னுபோகுது. ரெண்டையும் சமாதானப்படுத்த நான் இன்னும் அறுபது வரி எழுதியிருக்கேன்."

அவள் வாய்விட்டுச் சிரித்தாள். "அந்த நாற்பதையும் எடுத்துட்டா?"

சேவியர் பதறிப்போனார். வேலைக்குச் சேர்ந்த முதல் நாளே எல்லோருக்கும் சொல்லப்படுவது அது: எதை வேண்டுமானாலும் மாற்று, அந்த நாற்பதில் மட்டும் கை வைக்காதே. அவரே எத்தனையோ பேருக்குச் சொல்லியிருக்கிறார்.

"அதுக்கு மேல ஒரு குறிப்பு இருக்குமே, வாசிங்க."

"'தயவுசெய்து கை வைக்காதீர்கள்.'"

"அடுத்த வரி?"

"அடுத்த வரிக்கு யாரும் போனதில்ல, டீச்சர்."

"நீங்க போங்க."

சேவியர் திரைக்கு அருகே குனிந்தார். "'இது புது கம்பைலர் வரும்வரைதான். வந்த அன்றே தூக்கிவிடவும். செண்பகவல்லி.'"

அவருக்கு வெட்கமாகவும் இருந்தது, சிரிப்பும் வந்தது. நாற்பதையும் அழித்தார், கையோடு தன் அறுபதையும். பில்டு ஓடியது. அதை ஏற்றியதும், மேசைமேல் இருந்த புதுப் பெட்டி 'கீ' என்று கத்திவிட்டுக் காற்றின் வேகத்தைச் சொன்னது. பக்கத்து அறைக்காரர்கள் ஓடிவந்து கைதட்டினார்கள்.

"லே பெர்க்மான்ஸ், பெட்டி பேசுதுலே!" என்று தம்பிக்குப் போன் போட்டு அலறினார் சேவியர்.

போனை வைத்ததும் அவருக்கு ஒரு சங்கடம்.

"டீச்சர், அது நீங்க எழுதினது. ஒன்பது வருஷமா எல்லாப் பெட்டியிலயும் இருந்துச்சு. அழிச்சதுல உங்களுக்கு வருத்தமில்லையா?"

"குறிப்புல முதல் வரி பயந்து எழுதினது, அண்ணாச்சி. அடுத்த வரிதான் ஆசைப்பட்டு எழுதினது."