ரீல் மாற்றும் நேரம்

திருவொற்றியூரில், கடலுக்குப் போகிற சந்து ஒன்றில், தையலம்மாவின் மடம் இருந்தது. மடம் என்று பேர்தான் பெரிது. ஓட்டுக் கூடம் ஒன்று, கிணறு ஒன்று, வேப்பமரம் ஒன்று, அவ்வளவுதான். அம்மாவுக்கு நாற்பத்தைந்து வயதிருக்கும். சீடர் வேதாசலத்துக்கோ அறுபது ஆகப் போகிறது. மின்சார வாரியத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். பத்து வருஷம் அம்மாவின் எதிரில் கண்ணை மூடி உட்கார்ந்தும் மனுஷனுக்கு மூக்குக்கு மேல் கோபம். பால்காரனிலிருந்து பூசாரி வரைக்கும் அவரிடம் வாங்கிக் கட்டிக்கொள்ளாத ஆள் அந்தத் தெருவில் கிடையாது.

அன்று காலை அவர் வந்த வேகத்தில் குடையைச் சுவரில் அடித்துச் சாய்த்தார். அம்மா கீரை ஆய்ந்துகொண்டிருந்தார்.

"அப்பாவு சாகக் கிடக்கிறானாம். என்னைப் பார்க்கணுமாம். ஆள் விட்டிருக்கான்."

"போக வேண்டியதுதானே."

"எதுக்கு? செத்துட்டானான்னு பார்த்துட்டு வரவா?"

அப்பாவு யார் என்று அம்மா கேட்கவில்லை. கேட்டுக் கேட்டுக் காது புளித்த கதை அது. பேசாத படங்கள் ஓடிய காலத்தில், வேதாசலத்தின் தாய் அம்சவேணி ஒரே ஒரு படத்தில் நடித்தாள். மகன் நடை பழகும்போதே காய்ச்சலில் போய்ச் சேர்ந்தாள். சினிமாவில் ஆடியவள் என்று உறவுக்காரர்கள் அவளுடைய போட்டோவைக்கூட வீட்டில் விட்டுவைக்கவில்லை. அப்பா அவள் பேச்சையே எடுத்ததில்லை. தாய் முகம் தெரியாமல் வளர்ந்த பிள்ளை, மீசை முளைத்த நாள் முதலாக அந்தப் படத்தைத் தேடினார். கொட்டகை கொட்டகையாக அலைந்து, கடைசியில் ராணிப்பேட்டையில் அப்பாவுவைப் பிடித்தார். எஞ்சியிருந்த ஒரே பிரதி ஒரு காலத்தில் அந்த ஆளிடம்தான் இருந்தது. பேசும் படம் வந்து டென்ட் கொட்டகையை மூடியபோது, அங்கே வேலை செய்த அப்பாவு பிலிம் டப்பாக்களை அப்படியே வளையல் பட்டறைக்கு விலைக்குப் போட்டுவிட்டான். பட்டறைக்காரர்கள் பிலிமைச் சுடுதண்ணீரில் ஊறவைத்து, அதில் இருந்த படத்தையெல்லாம் வழித்துப் போட்டுவிட்டு, மிஞ்சியதில் வளையல் செய்தார்கள். அம்சவேணியின் முகம் சாக்கடையில் போனது.

அன்றைக்கு அப்பாவு "தம்பி, ஒரு நிமிஷம் கேளு" என்று ஏதோ சொல்ல வந்தானாம். வேதாசலம் அவன் சட்டையைப் பிடித்து உலுக்கிவிட்டு, திரும்பிப் பாராமல் வந்துவிட்டார். முப்பது வருஷம் ஆகியும் அந்தப் பேர் காதில் விழுந்தால் அவருக்கு உடம்பு ஆடும்.

இன்றைக்கும் ஆடியது. என்னைப் பெத்த தாயை விற்ற பாவி என்றார், அவன் குடும்பம் விளங்காது என்றார், வாயில் வந்ததெல்லாம் சொன்னார். அம்மா கீரையிலேயே கண்ணாக இருந்தார்.

"திரைக்குப் பக்கத்துல கோலைப் பிடிச்சிக்கிட்டு நின்னு கத்துறதுக்குக் கூலி வாங்கின பய, அவனுக்கு என்ன தெரியும் படத்தோட அருமை?"

அம்மாவின் கை நின்றது. பேசாத படத்துக்கு எதற்குக் கத்தினார் என்று கேட்டார்.

இதுகூடவா தெரியாது என்று வேதாசலம் எரிந்து விழுந்தார். திரையில் எழுத்து வரும், ஜனங்களுக்குப் படிக்கத் தெரியாது, அதனால் ஒரு ஆள் பக்கத்தில் நின்று கதை சொல்லுவான், ராஜாவுக்கு ஒரு குரல், ராணிக்கு ஒரு குரல் என்று அவனே எல்லாருக்காகவும் பேசுவான், ஊர் ஊராக, ஆட்டத்துக்கு ஆட்டம் இதையேதான் ஒப்பித்துக்கொண்டிருப்பான், இதெல்லாம் ஒரு பிழைப்பா என்றார்.

"பத்து வருஷமா திருடன்னுதான் சொன்னீங்க. கதை சொன்னவர்னு இன்னிக்குத்தான் சொல்றீங்க."

"ரெண்டும் ஒரே நாய்தான்."

தையலம்மாவுக்குக் கோபம் வந்து அதுவரை யாரும் பார்த்ததில்லை. அவர் எழுந்த வேகத்தில் மடியிலிருந்த கீரை கூடமெல்லாம் சிதறியது. சுவரோரம் இருந்த குடையை எடுத்துத் தெருவில் வீசினார். வாசலில் கிடந்த செருப்பையும் வீசினார்.

"உங்கம்மா படத்தைப் பார்த்தவங்க உலகத்துல இன்னும் எத்தனை பேர் இருக்காங்க, வேதாசலம்?"

வேதாசலம் தெருவில் இறங்கி ஒற்றைச் செருப்பு கிடந்த இடத்தையே பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு இரண்டையும் மாட்டிக்கொண்டு பஸ்ஸுக்கு ஓடினார்.

ராணிப்பேட்டை போய்ச் சேர உச்சி வெயில் ஆகிவிட்டது. அப்பாவு கயிற்றுக் கட்டிலில் துணி மூட்டை மாதிரி கிடந்தார். அம்சவேணி மகன் வந்தாச்சா என்று காலையிலிருந்து கேட்டுக்கொண்டே இருக்கிறார் என்றாள் மருமகள். வேதாசலம் சண்டைக்கென்று போகவில்லை. தாயின் படக்கதையைக் கேட்கத்தான் போனார். பஸ்ஸில் முழுக்க அதைத்தான் தனக்குச் சொல்லிக்கொண்டு வந்தார். ஆனால் மருமகள் முக்காலியை இழுத்துப் போட்டபோது அவள் கையில் வளையல் குலுங்கியது.

போதாதா? முப்பது வருஷமாக நெஞ்சில் கிடந்ததெல்லாம் கொட்டியது. அக்கம்பக்கத்து ஜனம் சோற்றைப் போட்டது போட்டபடி வந்து வாசலில் நின்றது. மருமகள் கையெடுத்துக் கும்பிட்டும் அவர் நிறுத்தவில்லை. கிழவர் இமைக்காமல் அவரையே பார்த்துக்கொண்டு கிடந்தார். வெயில் சாய்ந்து, தொண்டை கட்டி, தானாகக் குரல் அடங்கிய பிறகுதான் வேதாசலம் முக்காலியில் உட்கார்ந்தார்.

"முடிஞ்சுதா தம்பி? இனிமே நான் ஆரம்பிக்கலாமா?"

தன்னைச் சாய்த்து உட்கார வைக்கச் சொன்னார் அப்பாவு. கைத்தடியை வாங்கி எதிர்ச் சுவரை நோக்கி நீட்டினார். அதுவரை காற்றாக வந்துகொண்டிருந்த குரல் திடீரென்று திரண்டது.

"ஆத்தங்கரை. விடியற்காலை. அதோ வர்றா பார், ஓடக்காரன் பொண்டாட்டி. நடந்தா இடது தோள் கொஞ்சம் இறங்கும். சிரிக்கிறதுக்கு முன்னாடி உதட்டைக் கடிச்சுக்குவா. கன்னத்துல அம்மைத் தழும்பு, எவ்வளவு பவுடர் போட்டும் மறையல. இடுப்புல இருக்கிற குழந்தை யாருன்னு நினைக்கிறே? நீதான்."

வேதாசலம் வெறும் சுவரைப் பார்த்தார். வைத்த கண் வாங்காமல் பார்த்தார்.

அந்தக் காலத்து டென்ட் கொட்டகையில் ஒரே மிஷின்தான். ஒரு ரீல் ஓடி முடிந்தால் விளக்கைப் போட்டு அடுத்ததை மாட்டுவார்கள். அப்பாவுவும் அதே மாதிரி நிறுத்தி நிறுத்திச் சொன்னார். "ரீல் மாத்தறாங்க, சோடா குடிக்கிறவங்க குடிச்சுக்கலாம்" என்று கண்ணை மூடி மூச்சு வாங்குவார். பிறகு கைத்தடி மறுபடி எழும். அரண்மனைக்காரர்கள் அவள் புருஷன் மேல் பொய்க் குற்றம் சுமத்திச் சிறையில் போட்டார்கள். நியாயம் கேட்க அவள் அக்கரைக்குப் போக வேண்டும். ஆற்றில் வெள்ளம். வேறு வழியில்லாமல் குழந்தையை இக்கரையில் ஒரு கிழவியிடம் கொடுத்து, வந்துடுறேண்டா கண்ணு என்று சொல்லி ஓடத்தில் ஏறுகிறாள். குழந்தை இரண்டு கையையும் நீட்டி அழுகிறது. ஓடம் சின்னதாகி, புள்ளியாகி, மறைகிறது.

"ரீல் மாத்தறாங்க. இதுதான் கடைசி ரீல். கொஞ்சம் பொறு தம்பி."

கைத்தடி நழுவிக் கீழே விழுந்தது. வேதாசலம் பொறுத்தார். வாழ்நாளில் முதல் தடவையாக வாயைத் திறக்காமல் பொறுத்தார். விளக்கேற்ற வந்த மருமகள் கிழவரைத் தொட்டுப் பார்த்துவிட்டு அலறும் வரைக்கும் அப்படியே உட்கார்ந்திருந்தார்.

சுடுகாடு வரைக்கும் கூடப் போய்விட்டு அவர் மடத்துக்குத் திரும்பியபோது அம்மா கிணற்றில் நீர் இறைத்துக்கொண்டிருந்தார். வேதாசலத்துக்குப் பழைய கோபம் அப்படியே இருந்தது. சாகும்போதும் ஏமாற்றிவிட்டார், மிச்சத்தைத் தன்னோடு கொண்டுபோய்விட்டார் என்று கிணற்றடியில் நின்று கத்தினார். அம்மா ஒவ்வொன்றாகக் கேட்டார். அவரும் ஒளிக்காமல் சொன்னார். வளையலைச் சொன்னார், வெயில் சாயும் வரைக்கும் தான் ஏசியதைச் சொன்னார்.

"அவர் என்ன செஞ்சார்?"

"கேட்டுக்கிட்டிருந்தார்."

வேதாசலம் துவைக்கிற கல்லில் உட்கார்ந்தார்.

"அக்கரைக்குப் போனவ திரும்பி வந்தாளா அம்மா? பிள்ளையைத் தூக்கிக்கிட்டாளா? அது ஒண்ணு தெரிஞ்சா போதும் எனக்கு."

தையலம்மா குடத்தைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டார்.

"வந்திருப்பா. அந்த நேரத்துல நீங்க பேசிக்கிட்டிருந்தீங்க."