மலைக்கு ஒரு படகு

ஊரே இல்லாத மலையுச்சியில் ஒரு சுரங்கம் இருந்தது. மழை பிடித்தால் டீசல் கொண்டுவரும் லாரி ஏறாது. டீசல் இல்லாமல் தண்ணீர் இறைக்கும் மோட்டார் நின்றால் அறுபது பேர் பிழைப்பு போகும். அதனால் ஒரு தடவை லாரியில் கொண்டுவந்து இறக்கினால் வருஷக்கணக்கில் மின்சாரம் தரும் சின்ன அணு உலைக்கு விண்ணப்பித்து, சுரங்கத்துக் குமாஸ்தா தெய்வானை மூன்று வருஷமாக அனுமதி அலுவலகத்துப் படி ஏறிக்கொண்டிருந்தாள். படிவமோ கடலோரத்துப் பெரிய உலைகளுக்காக அச்சடித்தது.

"வேலி, கதிர்வீச்சுக் கருவி, ஆள் பயிற்சி எல்லாம் சரி," என்றார் அதிகாரி வரதராஜன். "மீனவருக்கு ஆட்சேபணை இல்லைன்னு சான்று எங்கம்மா?"

"அங்க கடலே இல்லையே சார்."

"இல்லைன்னு மீன்வள அலுவலகம் நேர்ல பார்த்து எழுதித் தரணும். விதி எல்லாருக்கும் ஒண்ணுதான்."

தெய்வானைக்கு அலுத்துக்கொள்ளவும் தெம்பில்லை. மறுவாரம் மீன்வள அலுவலகம் கொடுத்த ஒரு தாளை நீட்டினாள்.

"வரத் தயார்ங்கறாங்க சார். கடலைப் பார்க்கப் படகு வேணுமாம். நாலாயிரம் அடி மலைக்குப் படகு ஏத்தற உத்தரவுல, சான்று கேட்ட அதிகாரிதான் கையெழுத்துப் போடணுமாம். தணிக்கையில கேட்டா நீங்களே விளக்கிச் சொல்லிடுங்க."

வரதராஜன் பேனாவைத் திறந்தார், மூடினார். மறுபடி திறந்து, மீனவர் பகுதியைக் குறுக்கே அடித்து, 'பொருந்தாது' என்று எழுதிக் கையெழுத்திட்டார்.

"அவ்வளவுதானே சார்?"

அவர் பக்கத்தைப் புரட்டினார். அடுத்த தலைப்பு, சுனாமி.

தெய்வானை படகுத் தாளை எடுக்காமல் மேசையிலேயே விட்டுவிட்டு, நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.