சபை கலையலாம்

ரொம்பக் காலத்துக்கு முன்னால் கொன்றை நாட்டைப் பொன்மாறன் என்று ஒரு ராஜா ஆண்டு வந்தான். நல்லவன்தான். ஆனால் சொன்ன சொல்லை மாற்ற மாட்டான், வாய் தவறிச் சொன்னதானாலும் சரி.

அங்கே ராஜா தனியாக ஆள முடியாது. ஐந்து வருஷத்துக்கு ஒரு முறை ஜனங்கள் குடத்தில் ஓலை போட்டு ஒரு சபையைத் தேர்ந்தெடுப்பார்கள். ராஜாவுக்குப் பட்டம் கட்டுவதும் அந்தச் சபைதான். ஒரு தடவை எந்தக் கட்சிக்கும் பாதி இடம்கூடக் கிடைக்கவில்லை. மேட்டு நிலத்தார் தலைவர் நாகமாண்டாரும் ஆற்றங்கரையார் தலைவி குழலாயியும் கைகோத்து, இருவருமே மந்திரிகள் ஆனார்கள்.

ராஜா எதற்கெடுத்தாலும் குழலாயியிடமே யோசனை கேட்டான். நாகமாண்டாருக்கு வயிறு எரிந்தது. இந்தப் பெண்பிள்ளையை எப்படித் தொலைப்பது என்று நாட்டுச் சட்டம் பொறித்த செப்பேட்டைப் புரட்டினார். 'ராஜா தன் வாயால் சபை கலையலாம் என்றால் சபை கலைந்தது. நாற்பது நாளில் குடம் வைக்க வேண்டும்' என்றிருந்தது. மனிதருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. ஏனென்றால் தினமும் சாயங்காலம் ராஜா கொட்டாவி விட்டபடி சொல்வது அதைத்தானே.

அது ஆனி மாதம். வெள்ளம் வருவதற்குள் கரையைப் பலப்படுத்த ஆற்றங்கரை ஜனம் மொத்தமும் மலையடிவாரம் போயிருந்தது. திரும்ப இரண்டு மாதமாகும். அதற்குள் குடம் வைத்தால் அவர்கள் ஓலை ஒன்றுகூட விழாது. சபையில் அவர்களுக்காகப் பேச நாதியிருக்காது.

அன்று ராஜா வழக்கம்போல் "சபை கலையலாம்" என்றான். நாகமாண்டார் அதை ஓலையில் எழுதி முத்திரை வாங்கினார். ராஜா படித்தா பார்த்தான்? மறுநாள் காலை ஊரெல்லாம் பறை, சபை கலைந்தது என்று.

குழலாயி நேரே அரண்மனைக்கு வந்தாள்.

"நான் வீட்டுக்குப் போகத்தான் சொன்னேன்," என்றான் ராஜா, சங்கடமாக. "ஆனாலும் சொன்னது சொன்னதுதான் அம்மா. என் சொல் திரும்பாது."

"கேட்டுக்கொண்டாயா, தாயே?" என்றார் நாகமாண்டார். "போய் மண் சுமக்கிற வேலையைப் பார்."

"அதுவும் பார்ப்பேன் ஐயா," என்றாள் குழலாயி. "மகாராஜா, உங்கள் சொல் திரும்ப வேண்டாம். ஒன்று மட்டும் கேட்கிறேன். உங்கள் தகப்பனாரும் தினம் சாயங்காலம் இதையேதானே சொல்வார்?"

"ஆமாம். அவரைப் பார்த்துத்தான் எனக்கும் பழக்கம்."

"கடைசியாகச் சபைக்கு வந்த அன்றும் சொன்னாரா?"

"சொன்னார்."

"அப்படியானால் அன்றே சபை கலைந்துபோயிற்று. புதுச் சபைக்குக் குடம் வைக்கவில்லை. மறு வாரம் உங்களுக்குப் பட்டம் கட்டியது எந்தச் சபை, மகாராஜா?"

ராஜாவின் கை தானாகக் கிரீடத்துக்குப் போயிற்று.

"வீட்டுக்குப் போகச் சொன்னதென்றால் நீங்கள் ராஜா. சபையைக் கலைத்ததென்றால் நீங்கள் யாரோ, நான் யாரோ. எது என்று நீங்களே சொல்லுங்கள்," என்றாள்.

ராஜா வெட்கத்தோடு சிரித்தான். "வீட்டுக்குப் போகச் சொன்னதுதான். நாகமாண்டாரே, பறையை எடும். சபை கலையவில்லை என்று உம் வாயாலேயே ஊர் ஊராகச் சொல்லும். மலையடிவாரத்திலிருந்து ஆரம்பியும்."

குழலாயிக்கு ஊர் ஒன்றைப் பரிசாகக் கொடுக்க வந்தான். அவள் வேண்டாமென்றாள். "செப்பேட்டில் ஒரு வரி போதும். கூட்டாக ஆளும்போது இரண்டு தலைவரும் சேர்ந்து கேட்டால்தான் சபையைக் கலைக்கலாம். அப்போதும் ஊர் ஜனம் ஊரில் இருக்கும்போதுதான் குடம் வைக்க வேண்டும்."

அந்த வரி அன்றே செம்பில் ஏறியது. சாயங்காலம் ராஜாவுக்குக் கொட்டாவி வந்தது. "சபை..." என்று ஆரம்பித்தவன் சட்டென்று நிறுத்தினான். குழலாயியை ஓரக்கண்ணால் பார்த்துவிட்டுச் சொன்னான்:

"சபை இருக்கட்டும். நாம் போகலாம்."